ஸ்கூட்டர் கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் வரும், எப்போது மாற்றணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் ஸ்கூட்டர் வேலை செய்கிறேன். சுசுகி பர்க்மேன், யமஹா ஏராக்ஸ், ஏப்ரிலியா எஸ்எக்ஸ்ஆர் போன்ற, பெரிய உடம்பு கொண்ட மேக்ஸி ஸ்கூட்டர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெருகிய பிறகு கிளட்ச் பற்றிய கேள்விகளும் பெருகிவிட்டன. கடைக்கு வருகிறவர்கள், போனில் கூப்பிடுகிறவர்கள், கல்யாண வீட்டில் பிடித்து நிறுத்துகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றையேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். முதலில் இருந்து வாசித்தால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

"கிளட்ச் லிவரே இல்லாத வண்டிக்கு ஏது அண்ணே கிளட்ச்?"

பின் சக்கரத்துக்கு இடது பக்கம் நீளமாக ஒரு கவர் இருக்கிறதே, அதற்குள்தான் இருக்கிறது. முன்பக்கம் என்ஜினோடு சேர்ந்து சுற்றும் வேரியேட்டர் புல்லி, பின்பக்கம் இன்னொரு புல்லி, இரண்டையும் இணைக்கும் பெல்ட். பின் புல்லியின் மேல் மூன்று கிளட்ச் ஷூக்கள் உட்கார்ந்திருக்கும். அவற்றைச் சுற்றி, தொடாமல், கிண்ணம் போன்ற ஒரு இரும்பு பெல் இருக்கும். அந்த பெல் சுற்றினால்தான் பின் சக்கரம் சுற்றும்.

வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது மூன்று சின்ன ஸ்பிரிங்குகள் ஷூக்களை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும், திருவிழா ராட்டினம் வேகமெடுக்கும்போது தொட்டில்கள் வெளியே விலகுகிற மாதிரி, ஷூக்கள் விரிந்து பெல்லைப் பிடிக்கும். முதலில் வழுக்கிக்கொண்டே பிடிக்கும், பிறகு இறுகிவிடும். வழுக்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில்தான் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேய்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் இதை வைத்துத்தான் வரும்.

"மேக்ஸி ஸ்கூட்டர்ல கிளட்ச் வேற மாதிரியா? வெளிநாட்டு வீடியோல ஆயிலுக்குள்ள கெடக்கும்னு சொல்லுதாவளே?"

நம் ஊரில் ஓடும் பர்க்மேன் ஸ்ட்ரீட் 125, ஏராக்ஸ் 155, எஸ்எக்ஸ்ஆர் 160 எல்லாவற்றிலும் சாதாரண ஸ்கூட்டரில் இருக்கும் அதே வகை உலர் கிளட்ச்தான். எடைதான் வித்தியாசம். பர்க்மேன் 110 கிலோ வாக்கில் இருக்கும். ஏராக்ஸ், எஸ்எக்ஸ்ஆர் இரண்டும் 125 கிலோவைத் தாண்டும். நீளமான சீட்டும் விசாலமான இடமும் இருப்பதால் ஆளும் சுமையும் கூடுதலாக ஏறுகின்றன. நின்ற இடத்திலிருந்து அத்தனையையும் நகர்த்துவது கிளட்ச்தான்.

வீடியோவில் நீங்கள் பார்த்தது யமஹா டிமேக்ஸ் போன்ற பெரிய வண்டியாக இருக்கும். அதில் பல தட்டுகள் கொண்ட, ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச். அதன் ஆயுள் கணக்கு வேறு. அதைக் கேட்டுவிட்டு "எனக்கும் அவ்வளவு வரணும்" என்று எதிர்பார்க்காதீர்கள்.

"சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. எத்தனை கிலோமீட்டர் வரும்?"

நான் திறந்து பார்த்த அளவில், பக்குவமாக ஓட்டும் வண்டிக்கு 30,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை தாராளமாக வருகிறது. மேட்டுப் பாதை, சுமை, நெரிசல் மூன்றும் சேர்ந்த வண்டிக்கு 15,000 முதல் 20,000-லேயே முடிந்துவிடுகிறது. நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு 60,000 தாண்டியும் லைனிங் மிச்சம் இருக்கிறது.

இவ்வளவு அகலமான இடைவெளி எதற்கு என்றால், கிளட்சைத் தேய்ப்பது கிலோமீட்டர் இல்லை. எத்தனை தடவை நின்று எடுத்தீர்கள், எடுக்கும்போது எவ்வளவு நேரம் வழுக்க விட்டீர்கள் என்பதே கணக்கு. பெல்ட்டுக்குக் கம்பெனி 20,000 முதல் 25,000 வாக்கில் மாற்றச் சொல்லும். கிளட்சுக்கு அப்படி ஒரு எண் பெரும்பாலும் இருக்காது. அளந்து பார்த்து முடிவு செய்யச் சொல்வார்கள். காரணம் இதுதான்.

"எனக்க வண்டி 18,000-ல போச்சு, மச்சானுக்க வண்டி 45,000 ஓடியும் ஒண்ணும் ஆகல்ல. ஒரே கம்பெனி, ஒரே வருஷம். எனக்கு மட்டும் மோசமான பீஸ் வந்துட்டா?"

கேட்டவர் அருமனைப் பக்கம். வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே இரண்டு செங்குத்தான ஏற்றம். தினமும் மார்த்தாண்டம் வந்து, மேம்பாலத்துக்குக் கீழே கடை கடையாக நின்று நின்று போகிற வேலை. மச்சான் நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிப் பக்கம் போய்வருகிறவர். வடசேரியைத் தாண்டிவிட்டால் அப்புறம் ஒரே ஓட்டம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோமீட்டருக்கு 30 தடவை நின்று எடுத்தால், 10,000 கிலோமீட்டரில் 30,000 தடவை கிளட்ச் வழுக்கிப் பிடிக்கிறது. 60 கிலோமீட்டருக்கு 10 தடவைதான் என்றால், அதே 10,000 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,700 தடவை. வேகம் 20 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஷூ பெல்லோடு இறுகிவிடும். இறுகியபின் தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டி திணறினாலும் கிளட்சுக்கு ஒன்றும் ஆகாது, பெட்ரோல்தான் கூடச் செலவாகும்.

அதனால் பீஸில் குற்றமில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்கள் 12,000 கிலோமீட்டரில் ஒரு தடவை கவரைத் திறந்து பார்த்துவிடுங்கள். நாகர்கோவிலுக்குக் கிழக்கே, தோவாளைப் பக்கம் சமதரையில் ஓட்டுகிறவர்கள் பெல்ட் மாற்றும்போது சேர்த்துப் பார்த்தால் போதும்.

"திறந்து பாக்காம, ஓட்டும்போதே தெரியுமா?"

தெரியும். முதல் அடையாளம், சத்தம் முன்னால் போகும், வண்டி பின்னால் வரும். முன்பு லேசாகத் திருகினால் நகர்ந்த வண்டிக்கு இப்போது அதிகம் திருக வேண்டியிருக்கும். வீட்டு முன்னால் உள்ள மேட்டில் தினமும் ஏற்றுகிறவருக்கு இது சட்டென்று பிடிபடும். இரண்டாவது, ஏற்றம் ஏறி நின்றதும் கருகல் வாடை. மூன்றாவது, எடுக்கும் நொடியில் உதறல் அல்லது கிரீச் சத்தம்.

கடைசிக் கட்டம் இரும்போடு இரும்பு உரசும் கரகர சத்தம். லைனிங் தீர்ந்து ஷூவின் உலோகமே பெல்லில் உரசுகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டபிறகு ஓட்டாதீர்கள். ஷூவோடு முடியவேண்டிய செலவில் பெல்லும் சேர்ந்துவிடும். லைனிங் பெயர்ந்து உள்ளே சிக்கினால் ஆபத்தும்கூட.

திறந்தால், லைனிங்கின் தடிமன்தான் தீர்ப்பு. பெரும்பாலான 110, 125 சிசி ஸ்கூட்டர்களின் மேனுவலில் 2 மி.மீ. வாக்கில் எல்லை கொடுத்திருப்பார்கள். உங்கள் வண்டியின் எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஷூவையும் அளக்கணும், அதிலும் மிக மெலிந்த இடத்தில். ஒரு ஷூ மட்டும் தனியாகத் தேய்ந்திருந்தால் அந்த ஷூ மாட்டியிருக்கும் சின்ன அச்சு இறுகியிருக்கிறதா, ஸ்பிரிங் நீண்டிருக்கிறதா என்று பார்க்கணும்.

"பிக்கப் இல்லன்னு போனா ஒருத்தர் பெல்ட்டுங்காரு, ஒருத்தர் கிளட்சுங்காரு, இன்னொருத்தர் ரோலருங்காரு. யாரை நம்புதது?"

எந்த வேகத்தில் குறை தெரிகிறது என்று பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும். நின்ற இடத்திலிருந்து 20 வரைக்கும்தான் குறை, அதற்குமேல் வண்டி பழையபடி ஓடுகிறது என்றால் கிளட்ச் பக்கம் பாருங்கள். எடுப்பதில் குறை இல்லை, ஆனால் முன்பு போன வேகம் இப்போது வரவில்லை என்றால் பெல்ட் அல்லது ரோலர் (முன் புல்லிக்குள் உருளும் சின்ன எடைகள்). பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்தால் முன் புல்லியில் மேல்விளிம்பு வரை ஏறாது. ரோலரில் தட்டையான இடம் விழுந்தால் நடு வேகத்தில் ஒரு தடுமாற்றம் வரும்.

பெல்ட்டைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கவரைத் திறந்து, முன் புல்லியின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் கோடு போட்டு மூடிவிடுங்கள். நல்ல ரோட்டில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுத் திறந்தால், பெல்ட் எதுவரை ஏறியதோ அதுவரை மை அழிந்திருக்கும். விளிம்புக்குக் கீழே மை அப்படியே இருந்தால் பெல்ட் மேலே போகவில்லை. யார் பேச்சையும் நம்பத் தேவையில்லை.

மூன்று இடத்திலும் குறை இல்லாமல் பிக்கப் குறைந்தால் ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவது என்று வேறு பக்கம் தேடணும். பின் பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடும் வண்டியைக் கிளட்ச் மாற்றக் கொண்டுவருவது அடிக்கடி நடக்கிறது.

"எடுக்கும்போ வண்டி கிடுகிடுன்னு உதறுது. லைனிங் நிறைய இருக்குன்னு சொல்லிட்டாங்க. பின்னே ஏன் உதறுது?"

லைனிங்கின் மேல்பரப்பு சூடாகிச் சூடாகிக் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கிவிட்டால், அது பெல்லைச் சீராகப் பிடிக்காது. பிடித்து விட்டு, பிடித்து விட்டு வரும். அதுதான் உதறல். லைனிங் தூள் உள்ளே சேர்ந்தாலும் இதே கதை.

ஷூவை வெளியே எடுத்து, 80 அல்லது 100 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்புப் போகும் அளவுக்கு மட்டும் தேய்த்து, பெல்லின் உள்பரப்பையும் குறுக்குமறுக்காக லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில மாதங்களில் திரும்ப வந்தால் பெல்லைச் சந்தேகப்படுங்கள். வெளிச்சத்தில் பெல்லின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் சில இடங்களில் நீலம் பாய்ந்திருக்கும். அது அதிகமாகச் சூடான இடம். அங்கே இரும்பின் தன்மையே மாறியிருக்கும்; தேய்த்தால் நிறம் போகும், குறை போகாது.

ஒன்று முக்கியம். அந்தத் தூளை ஏர் அடித்து ஊதக்கூடாது. சந்தையில் கிடைக்கும் சில லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், முகக்கவசம் போடுங்கள். கடையில் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வேடிக்கை பார்க்காதீர்கள்.

"மழைவெள்ளத்துல ஓட்டின பெறவு ரேஸ் கொடுத்தா சத்தம் மட்டும் வருது, வண்டி போவல்ல. கிளட்ச் கருகிட்டா?"

கருகியிருக்காது, நனைந்திருக்கும். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கும். பெல்ட் இருக்கும் அறை குளிர்வதற்கு வெளிக்காற்றை இழுக்க ஒரு வாய் உண்டு. அந்த மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் உள்ளே போய்விடும். நனைந்த பெல்ட் புல்லியில் வழுக்கும், நனைந்த ஷூ பெல்லில் வழுக்கும்.

ஓரமாக நிறுத்துங்கள். பல வண்டிகளில் அந்தக் கவரின் அடியில் தண்ணீர் வடிய ஒரு குழாயோ அடைப்போ இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். பிறகு மெதுவாக, அதிகம் திருகாமல் ஓட்டினால் அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும். ரேஸ் கொடுத்துக் கொடுத்து இழுக்கப் பார்த்தால்தான் நிஜமாகவே கருகும்.

சேற்றுத் தண்ணீர் போயிருந்தால் காய்ந்தாலும் விடாதீர்கள், கவரைத் திறந்து கழுவணும். மண் உள்ளே இருந்தால் லைனிங்கையும் புல்லியையும் அது அரைத்துவிடும். கியர் ஆயிலையும் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அங்கேயும் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றியே ஆகணும்.

"கல்ஃப்ல இருந்து லீவுக்கு வந்து வண்டிய எடுத்தா, மொத நாள் வெட்டி வெட்டி இழுக்குது. ஓடாத வண்டிக்குக் கிளட்ச் எப்படிப் போகும்?"

போகவில்லை. மாதக்கணக்கில் நின்றதால் பெல்லின் உட்புறம் துருப் பிடித்திருக்கிறது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு இது சீக்கிரம் வரும். மூன்று ஷூவும் எந்த இடத்தை ஒட்டி நின்றனவோ அங்கே ஒரு மாதிரியும், இடையில் வேறு மாதிரியும் துரு படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டி வெட்டிப் பிடிக்கிறது.

லேசான துரு என்றால் சமதரையில் கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்டினால் தானே உரிந்துவிடும். இரண்டு மூன்று நாளிலும் போகாவிட்டால் திறந்து உப்புத்தாள் போடணும். ஊருக்குத் திரும்பிப் போகும்போது வண்டியைப் படுதா போட்டு இறுக்கி மூடாமல், காற்றோட்டமான இடத்தில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் போங்கள். வீட்டில் யாராவது வாரம் ஒருமுறை கடைத்தெரு வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தால் ரொம்ப நல்லது. நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து அணைத்தால் கிளட்சுக்குப் பயனில்லை.

"ஏத்தத்துல நிக்கும்போ லேசா ஆக்ஸிலேட்டர் பிடிச்சிட்டே நிப்பேன், வண்டி பின்னால போகாது. இது தப்பா?"

கிளட்சைக் கொல்வதில் இதற்கு இணையான பழக்கம் வேறு இல்லை. அப்படி நிற்கும் ஒவ்வொரு நொடியும் ஷூ பெல்லில் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. வண்டி நகராததால் காற்றோட்டமும் குறைவு, சூடு போக வழியில்லை. ஒரு நிமிடம் இப்படி நின்றால் ஆகும் தேய்மானம், பலமுறை நின்று எடுத்ததற்குச் சமம்.

பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள், ஆக்ஸிலேட்டரை முழுக்க விடுங்கள். எடுக்கும்போது பின் பிரேக்கை விட்டபடியே ஆக்ஸிலேட்டரைத் தயங்காமல், ஒரே சீராகக் கொடுங்கள். பயந்து பயந்து கொஞ்சமாகக் கொடுத்தால் வழுக்கல் நீளும். முழுக்கத் திருகினாலும் கெடுதி. குமாரகோவில் பக்கத்து மேட்டிலோ, குலசேகரம் உள்பாதைகளிலோ மேலே வண்டி வருகிறதா என்று முதலிலேயே பார்த்து, நடுவில் நிற்காமல் ஒரே மூச்சில் ஏறுவது இன்னும் நல்லது.

எறும்பு ஊர்கிற மாதிரி நகரும் நெரிசலிலும் இதே விதிதான். முன்வண்டி ஒரு அடி நகர்ந்ததும் நாமும் ஒரு அடி நகரவேண்டாம். கொஞ்சம் இடம் விழட்டும், அப்புறம் ஒரே தடவையாக எடுங்கள்.

"இறக்கத்துல மெதுவா வரும்போ திடீர்னு வண்டி கழண்ட மாதிரி ஓடுது. பயமா இருக்கு. கிளட்ச் கழண்டுட்டா?"

இல்லை, அது அதன் இயல்பு. ஆக்ஸிலேட்டரை விட்டு வேகம் நன்றாகக் குறைந்ததும் ஷூ உள்ளே போய்விடும். அந்த நொடியில் என்ஜின் பிடிமானம் இல்லாமல் வண்டி தன் எடையில் உருளும். கோதையாறு மலைப்பாதை மாதிரி இறக்கத்தில் இதைத் தெரிந்துவைத்திருப்பது உயிர்க் காப்பு. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள், விட்டு விட்டுப் பிடியுங்கள். பிடிமானம் விட்டுப்போனால் ஒரு துளி ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஷூ மறுபடி பிடித்துக்கொள்ளும், பிறகு விட்டால் என்ஜினும் சேர்ந்து வேகத்தைக் குறைக்கும். எந்தக் காரணம் கொண்டும் இறக்கத்தில் சாவியை அணைத்துவிட்டு உருட்டாதீர்கள்.

"மீன் பெட்டி, வாழைக்குலை எல்லாம் வைக்கிறோம். எவ்வளவு சுமை தாங்கும்?"

வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்ட அளவுதான் சரி. ஓட்டுபவரும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிளட்சுக்குச் சமதரைச் சுமையைவிட ஏற்றத்துச் சுமைதான் எதிரி. ரப்பர் ஷீட்டோ குலையோ ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஏறுகிறவர்கள் 15,000 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

மீன்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் பின்பக்க கவரின் மேல் சொட்டாமல் பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். குளச்சலில் இருந்து மீன் கொண்டுவரும் ஒருவரின் வண்டியில் லைனிங் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. ஆனால் கவரின் போல்ட்டுகள் உப்பில் இறுகி, ஒன்றைக் கழற்றும்போதே முறிந்துவிட்டது. உள்ளே பெல்லின் வெளிப்பக்கம் பொருக்கு பொருக்காகத் துரு. கிளட்ச் வேலையைவிட போல்ட்டை எடுக்கும் வேலைதான் நேரம் பிடித்தது.

"இன்ஜின் ஆயில் லேட்டா மாத்தினா கிளட்ச் போகுமா?"

பைக்கில் போகலாம், உங்கள் ஸ்கூட்டரில் போகாது. பைக் கிளட்ச் என்ஜின் ஆயிலில் ஊறி ஓடுகிறது. அதற்கு ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக்குறியீடு) எம்ஏ ரக ஆயில் வேண்டும். ஸ்கூட்டர் கிளட்ச் தனி அறையில் உலர்ந்து ஓடுகிறது. அதனால் என்ஜினுக்கு எம்பி ரகம் பரிந்துரைப்பார்கள். லேட்டாக மாற்றினால் என்ஜின் பாழாகும், அது வேறு விஷயம்.

ஆனால் ஆயில் கிளட்ச் அறைக்குள் கசிந்தால் கிளட்ச் போகும். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல். முன்னால் கிராங்க் சீல், பின்னால் கியர் பெட்டியின் சீல், இரண்டில் எது கசிந்தாலும் லைனிங் ஆயில் குடித்துவிடும். பின் புல்லிக்குள் தேவைக்குமேல் கிரீஸ் வைத்தாலும் சுற்றும்போது தெறித்து அங்கேதான் போகும். ஆயில் குடித்த லைனிங்கைக் கழுவி மாட்டாதீர்கள். சீலையும் மாற்றி, ஷூவையும் மாற்றிவிடுங்கள்.

"காலையில ஸ்டார்ட் பண்ணினதும், ரேஸ் கொடுக்காமலே பின் வீல் சுத்துது. கிளட்ச் ஒட்டிக்கிட்டா?"

மெயின் ஸ்டாண்டில் நிற்கும்போது மெதுவாகச் சுற்றினால் கவலை வேண்டாம். இப்போதைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் குளிர்ந்த என்ஜினுக்கு ஐடிலிங்கைக் கொஞ்சம் கூட்டி வைக்கும்; சூடானதும் தானே இறங்கிவிடும். பிரேக்கைப் பிடித்ததும் சக்கரம் எளிதாக நின்றால் சரி.

சூடான பிறகும், தரையில் நிற்கும்போதே வண்டி முன்னால் இழுத்தால் அது குறை. ஐடிலிங் அதிகமாக இருக்கலாம், அல்லது ஷூ ஸ்பிரிங் ஒன்று முறிந்தோ தளர்ந்தோ இருக்கலாம். முறிந்த ஸ்பிரிங்கோடு ஓட்டினால் அந்த ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். சிக்னலில் வண்டி தானே பாயும் அபாயமும் உண்டு, உடனே பாருங்கள்.

"ஷூ மட்டும் மாத்தினா போதுமா? பெல்லும் சேர்த்து மாத்தணும்னு பில்லை ஏத்துதாங்களோ?"

பெல்லைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்பரப்பில் விரலை ஓட்டினால் விளிம்பில் ஒரு படி தட்டுப்படுகிறதா? ஆழமான கோடுகள், நீலம், வெடிப்பு இருக்கின்றனவா? இருந்தால் மாற்றச் சொல்வது நியாயம். பழைய பள்ளத்தில் புது ஷூவைப் போட்டால் விளிம்பில் மட்டும் உட்கார்ந்து உதறும். வழவழப்பாக, உள்விட்டம் மேனுவல் எல்லைக்குள் இருந்தால் ஷூ மட்டும் போதும். மூன்றையும் ஸ்பிரிங்கோடு சேர்த்துத்தான் மாற்றணும், ஒன்று மட்டும் கூடாது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

"வாரண்டியில கிடைக்குமா?"

பொதுவாகக் கிடைக்காது. லைனிங், பிரேக் ஷூ, பெல்ட் எல்லாம் தேயும் பொருள்கள். ஸ்பிரிங் முறிவு, சீல் கசிவு போன்றவற்றை மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

"பழைய ஷூல புது லைனிங் ஒட்டித் தாறாங்க, பாதி விலைதான். போடலாமா?"

எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஷூ அதிவேகமாகச் சுற்றும் பொருள், சூடும் அதிகம். ஒட்டு விட்டுப்போனால் துண்டு உள்ளே சிக்கும். பிரேக் ஷூவுக்குச் செய்கிற வேலையை இதற்கும் செய்யலாம் என்று நினைப்பது சரியில்லை. ஒரிஜினல் போடுங்கள். கிடைக்காவிட்டால் பெயர் தெரிந்த கம்பெனியின் பாகம், பில்லோடு.

"ஏராக்ஸுக்கு ஸ்டிஃப் ஸ்பிரிங் போட்டா பிக்கப் பறக்கும்னு பயலுவ சொல்லுதானுவ. போடட்டா?"

ஸ்பிரிங் இறுக்கமானால் ஷூ விரிய அதிக சுற்று வேண்டும். அதாவது என்ஜின் நன்றாக ரேஸ் ஆனபிறகுதான் பிடிக்கும். எடுக்கும்போது ஒரு பாய்ச்சல் தெரியும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதிக வேகத்தில் பிடிப்பதால் சூடும் தேய்மானமும் கூடும், பெட்ரோலும் கூடும். வெட்டூர்ணிமடத்து நெரிசலில் தினமும் கல்லூரிக்குப் போய்வர இது எதற்கு? வாரண்டி உள்ள வண்டியில் அதையும் இழப்பீர்கள். மலைப்பாதைக்காரர்கள் சிலர் ரோலர் எடையைக் கொஞ்சம் குறைத்துப் போடுவதுண்டு. ஏற்றத்துக்கு அது ஓரளவு உதவும், நெடுஞ்சாலையில் என்ஜின் கூடுதலாகக் கதறும்.

"வீட்டிலேயே கழத்தி மாத்தலாமா? வீடியோ பாத்தா ஈசியா இருக்கு."

கவரைத் திறந்து பார்ப்பது, துடைப்பது, பெல்லைக் கழற்றி லைனிங்கை அளப்பது வரை பொறுமை உள்ளவர் செய்யலாம். அதற்குமேல் ஷூ செட்டைப் பின் புல்லியிலிருந்து பிரிக்கும்போது, நடுவில் ஒரு பெரிய ஸ்பிரிங் அழுத்தப்பட்டு உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றியதும் முகத்துக்கு நேராகத் தெறிக்கும். அதைப் பிடித்து அமுக்க ஒரு கருவி இருக்கிறது. அது இல்லாமல் காலால் மிதித்துக்கொண்டு கழற்றுவதை வீடியோவில் காட்டுகிறார்கள், செய்யாதீர்கள்.

திரும்ப மாட்டும்போது நட்டுகளை மேனுவலில் சொன்ன இறுக்க அளவில் (டார்க்) இறுக்கணும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசையைப் பார்க்கணும். புல்லி முகத்தில் கிரீஸ் விரல்படக்கூடாது.

"புது கிளட்ச் போட்டும் உதறல் போகல்ல. ஏமாத்திட்டாங்களா?"

முதலில், புது லைனிங் பெல்லோடு படிந்து உட்காரக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். முதல் 200 கிலோமீட்டர் வரை லேசான உதறலோ வாடையோ இருந்தால் பதறாதீர்கள், முழுக்கத் திருகாமல் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் பழைய பெல்லையே போட்டார்களா என்று கேளுங்கள். காரணம் மேலே சொன்னதுதான். பெல்லும் புதிது என்றால் என்ஜினைத் தாங்கும் புஷ்கள், பின் புல்லியின் பேரிங், பெல்ட்டில் வெடிப்பு, இந்த வரிசையில் பார்க்கணும். என்ஜின் புஷ் தளர்ந்த வண்டியில் கிளட்ச் சாதாரணமாகப் பிடித்தாலே உடம்பு முழுக்க அதிரும்.

"வழியில கிளட்ச் முழுசா விட்டுட்டா, தள்ளி ஸ்டார்ட் பண்ணி வீடு சேரலாமா?"

முடியாது. சக்கரம் சுற்றினாலும் ஷூ விரியாது, அதனால் என்ஜின் சுற்றாது. பேட்டரி இறங்கினாலும் இதே நிலைதான், கிக்கர் இருந்தால் அதை உதைக்கலாம். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்கிறது என்று ரேஸ் கொடுத்துக் கொண்டுபோகாதீர்கள். என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுங்கள், சக்கரம் தடையில்லாமல் உருளும். உருட்டும்போது சக்கரம் இறுகினால் உள்ளே ஏதோ பெயர்ந்து சிக்கியிருக்கிறது. அதைத் தள்ளாதீர்கள், டெம்போவில் ஏற்றுங்கள்.

"செகண்ட் ஹேண்ட்ல ஒரு பர்க்மேன் பாத்து வச்சிருக்கேன். கிளட்ச் நல்லா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கது?"

காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போதே போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சில உதறல்கள் மறைந்துவிடும், சில புதிதாய் வரும். அதனால் இரண்டு நிலையிலும் பார்க்கணும். ஒரு ஆளைப் பின்னால் ஏற்றி, ஒரு மேட்டில் நிறுத்தி எடுங்கள். சத்தம் முந்துகிறதா, வாடை வருகிறதா? பிறகு சமதரையில் நடைவேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள், உதறல் அங்கேதான் வெளிப்படும்.

விலை பேசும் முன் கவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை, நல்ல மனதோடு விற்பவர் மறுக்கமாட்டார். மீட்டரில் 12,000 என்று காட்டுகிறது, ஆனால் பெல்லின் விளிம்பில் விரல் தட்டும் அளவுக்குப் படி விழுந்திருக்கிறது என்றால், வண்டி எந்த ஊரில், என்ன வேலைக்கு ஓடியது என்று கேளுங்கள். மலைப்பக்கம் சுமை ஏற்றி ஓடியிருந்தால் அந்தத் தேய்மானம் பொருந்தும். ஷூ, பெல் இரண்டின் விலையையும் கழித்துக் கேளுங்கள். நாகர்கோவில் டவுனுக்குள் ஆபீஸ் போய்வந்த வண்டி என்று சொன்னால் மீட்டரைப் பற்றி இன்னொரு தடவை விசாரியுங்கள்.